ஆறு சிப்பா, நாலு சிப்பா?

என் தங்கை மகன் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சைபர்பங்க் 2077 விளையாட்டில் வரும் தெரு. மழை பெய்து ஓய்ந்த சாலையில் நியான் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் பச்சையும் ஊதாவுமாகக் குட்டிக் குட்டிக் கட்டங்கள், கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போல வரிசை பிசகாமல். "மாமா, நாலு நாளா இப்படித்தான் வருது. மானிட்டர் போச்சா, கார்டு போச்சா?"

பதில் அந்தப் படத்திலேயே இருந்தது. அவன் அனுப்பியது போன் கேமராவில் எடுத்த படம் அல்ல, ஸ்கிரீன்ஷாட். கிராஃபிக்ஸ் கார்டின் மெமரியில் இருக்கும் படத்தை, அது மானிட்டருக்குப் போவதற்கு முன்பே நகலெடுத்துக் கொடுப்பதுதான் ஸ்கிரீன்ஷாட். மானிட்டரில் கோளாறு என்றால் என் போனில் படம் சுத்தமாகத் தெரிந்திருக்கும்.

அவனிடம் இருந்தது ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2016-ல் சந்தைக்கு வந்த கார்டு. அவன் அப்பா 2018-ல் கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கிக் கொடுத்தது. கூலரைக் கழற்றினால் நடுவில் பெரிய சிப் ஒன்று இருக்கும். அதைச் சுற்றி ஆறு மெமரி சிப்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கடுகைவிடச் சிறிய ஈயப்பற்று உருண்டைகள் நூற்றுக்கும் மேலே. விளையாடும்போது கார்டு சூடாகிறது, நிறுத்தினால் ஆறுகிறது. சிலிக்கனும் அதைத் தாங்கும் பலகையும் ஒரே சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. பல ஆயிரம் முறை விரிந்து சுருங்கியதில் ஏதோ ஓர் உருண்டையில் மயிரிழை விரிசல் விட்டாலும் போதும், அந்தச் சிப்பிலிருந்து வரும் தகவல் பிழையாகிவிடும். மெமரி சிப்களுக்குத் தகவல் சீரான துண்டுகளாகப் பிரித்து அனுப்பப்படுவதால், ஒரு சிப் கெட்டால் திரையில் பிழையும் சீரான கட்டங்களாகவே வரும்.

"ஹாட் ஏர் அடிச்சா சரியாயிடும்னு சொல்றாங்களே?" என்று கேட்டான். நானே ஒரு பழைய கார்டைக் கடையில் கொடுத்து அதைச் செய்து பார்த்தவன். சூடான காற்றை அடித்தால் விரிசல் விட்ட இடம் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் ஓட்டிக் காட்டினார், பணம் கொடுத்துவிட்டு வந்தேன், மூன்றே வாரத்தில் மறுபடியும் கட்டங்கள் வந்தன. சிப்பை முழுதாக எடுத்து, உருண்டைகளை மாற்றி, திரும்ப ஒட்டுவதுதான் முறையான வேலை. எட்டு வயதுக் கார்டுக்கு அந்தச் செலவு தகாது. போதாததற்கு, இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. புதிதாக ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று.

அடுத்த நாளே அவன் பட்டியலோடு வந்தான். "4060 வாங்கலாம் மாமா. 3060-ஐ விடப் பெரிய நம்பர்." நான் ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். கார்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அது போய் உட்காரப்போகும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. கார்டு வாங்குகிறவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு நாளை ஒதுக்குவதில்லை என்பது என் அனுபவம். பணம் வீணாவது அந்த இடத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பழைய கார்டின் மெமரி வேகத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்ததும் கட்டங்கள் அடங்கின. விளையாட்டைத் திறந்து, திரையின் மூலையில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று காட்டும்படி வைத்தேன். 1080 ரெசல்யூஷனில் 40-ஐ ஒட்டி ஓடியது. பிறகு ரெசல்யூஷனை மட்டும் 720-க்கு இறக்கினேன். எண் 60-ஐத் தாண்டியது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1080 திரை என்றால் 1,920 பெருக்கல் 1,080, அதாவது 20,73,600 புள்ளிகள். அவனுடைய மானிட்டர் நொடிக்கு 75 முறை படம் மாற்றும். அதை முழுதாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் நொடிக்கு 15 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் முடிவு செய்தாக வேண்டும். ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 13.3 மில்லி செகண்ட். இந்த வேலை கார்டுடையது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு யார்மேல் பட்டது, அடுத்த ஃபிரேமில் எந்தெந்தப் பொருளை வரைய வேண்டும் என்று தீர்மானிப்பது ப்ராசஸரின் வேலை. ரெசல்யூஷனைக் குறைத்தால் கார்டின் சுமை இறங்கும், ப்ராசஸரின் சுமை அப்படியே இருக்கும். ஆகவே 720-ல் ஃபிரேம் கூடினால் இழுத்துப் பிடித்தது கார்டுதான் என்று தெரியும். கூடவில்லை என்றால் எவ்வளவு விலையுயர்ந்த கார்டைப் போட்டாலும் பயன் சொற்பம். அவனுடைய ப்ராசஸர் ஐ5-8400, ஆறு கோர்கள். இன்னும் கொஞ்சம் கொடுக்க அதனிடம் தெம்பு இருந்தது.

கோடிக்கணக்கான புள்ளிகளை ஒரு சிப் எப்படிச் சமாளிக்கிறது என்று அவன் கேட்டான். ப்ராசஸரில் ஆறு பேர் என்றால் கார்டில் ஆயிரம் பேருக்கு மேலே. 1060-ல் 1,280 கணக்கு அலகுகள், 3060-ல் 3,584. தனித்தனியாகப் பார்த்தால் அவர்கள் வேகம் குறைந்தவர்கள். ஆனால் ஒரே உத்தரவை எல்லோரும் சேர்ந்து வெவ்வேறு புள்ளிகள்மேல் நிறைவேற்றுகிறார்கள். என்விடியா கார்டுகளில் 32 இழைகளை ஒரு கட்டாகக் கட்டி ஓட்டுவார்கள். அந்தக் கட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'வார்ப்'. நெசவுத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. ஒரு மிதி மிதித்தால் பாவில் பாதி நூல் ஒன்றாக எழும்பும், ஒவ்வொன்றாகத் தூக்குவதில்லை. பொருத்தமான பெயர்.

இனி நம்பர் விஷயம். 4060 என்பதில் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, கடைசி இரண்டு அந்தத் தலைமுறைக்குள் அந்தஸ்து. 2021-ல் வந்தது 3060, 2023-ல் வந்தது 4060. புதியது வேகமானது, மின்சாரமும் குறைவாகத் தின்னும்: 3060-க்கு 170 வாட், 4060-க்கு 115 வாட். இந்த அளவோடு நிறுத்தினால் அவன் சொன்னதே சரி. ஆனால் 3060-ல் 12 ஜிபி மெமரி, 4060-ல் 8 ஜிபி. புதிய கார்டில் எப்படிக் குறைந்தது?

இங்கேதான் அந்த ஆறு சிப்களுக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கார்டுகளில் ஒவ்வொரு மெமரி சிப்பும் நடுச் சிப்போடு 32 கம்பிப் பாதைகளால் பேசுகிறது. 3060-ன் நடுச் சிப்பில் 192 பாதைகள். ஆக ஆறு சிப்கள் வைக்கலாம். அந்த வகை மெமரியில் ஒரு சிப் 1 ஜிபி அல்லது 2 ஜிபி. எனவே 6 ஜிபி அல்லது 12 ஜிபி. நடுவில் 8, 10 என்று வைக்க வழியில்லை. 6 போதாது என்று 12 வைத்தார்கள். 4060-ல் பாதைகளை 128 ஆகக் குறைத்துவிட்டார்கள். நாலு சிப், ஒவ்வொன்றும் 2 ஜிபி, மொத்தம் 8. பலகையின் பின்பக்கமும் சிப் ஒட்டி இரட்டிப்பாக்கலாம், ஆனால் செலவு ஏறும்.

பாதை குறைந்தால் போக்குவரத்தும் குறையும். 192 பாதை, ஒவ்வொன்றிலும் நொடிக்கு 15 கிகாபிட், எட்டால் வகுத்தால் 360 ஜிபி. இது 3060. 128 பாதை, 17 கிகாபிட், 272 ஜிபி. இது 4060. இந்தக் குறையை ஈடுகட்ட நடுச் சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பை 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகப் பெருக்கினார்கள். அடிக்கடி தேவைப்படுவதைக் கையருகே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. சமையலறையில் மிளகாய்த்தூளும் உப்பும் அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் பரணுக்கு ஏற வேண்டாம் அல்லவா? நல்ல வேலை, வேகம் மீண்டது. ஆனால் அஞ்சறைப் பெட்டியைப் பெரிதாக்கினால் பரணில் இடம் கூடிவிடாது. 8 ஜிபி 8 ஜிபிதான்.

அந்த இடத்தில் என்ன போய் உட்காருகிறது? திரையில் தெரியும் படம் அல்ல. 20 லட்சம் புள்ளிக்கு நாலு பைட் வீதம் வைத்தாலும் 8 எம்பிதான். இடத்தைத் தின்பவை டெக்ஸ்சர்கள்: சுவரின் சொறசொறப்பு, தோல் சட்டையின் மடிப்பு, முகத்தின் மச்சம். 4,096-க்கு 4,096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சரை அப்படியே வைத்தால் 64 எம்பி. நன்றாகச் சுருக்கி, தூரத்தில் தெரிவதற்கான சிறிய நகல்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 22 எம்பி. ஒரு தெருவில் இப்படி நூற்றுக்கணக்கில் வேண்டும். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸுக்கும் பொதுவாக 16 ஜிபி மெமரி. பழைய பிளேஸ்டேஷன் 4-ஐக் கைவிட்டுப் புதியதற்காகவே விளையாட்டுகள் எழுதத் தொடங்கியதும் டெக்ஸ்சர்கள் பெருத்தன. 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதல் பாகம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது 8 ஜிபி கார்டு வைத்திருந்த பலர் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெமரி நிறைந்துவிட்டால் மிச்சம் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில் போய்க் காத்திருக்கும். தேவைப்படும்போது மதர்போர்டின் ஸ்லாட் வழியாக வர வேண்டும். மருமகனின் மதர்போர்டு பி360. அதன் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை. ஒரு தடத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. ஸ்லாட்டில் 16 தடங்கள் உண்டு. ஆனால் 4060-ல் இருப்பது எட்டுத் தடம் மட்டுமே. நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் தடத்துக்கு 2 ஜிபி கிடைக்கும் என்பதால் எட்டு போதும் என்று வடிவமைத்தார்கள். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் அதே கார்டு நொடிக்கு 8 ஜிபியோடு நின்றுவிடும். ஒரு ஃபிரேமின் 13.3 மில்லி செகண்டில் அந்த வழியாக அதிகபட்சம் 106 எம்பி வரலாம். ஐந்து டெக்ஸ்சர்கூட முழுதாக வராது. ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு திடீரென்று ஒரு கணம் உறைந்து, பிறகு குதித்து ஓடுவதன் காரணம் பல சமயம் இதுவே. சராசரி ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்த்தால் இது தெரியாது. கண்ணுக்கும் கைக்கும் தெரியும்.

2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இந்த இரண்டு குறையும் சேர்ந்த கார்டு. 4 ஜிபி மெமரி, நாலே தடம். புதிய மதர்போர்டில் ஒரு மாதிரியும் பழைய மதர்போர்டில் வேறு மாதிரியும் ஓடும். மலிவு என்று அதைத் தேடுகிறவர்களிடம் பெரும்பாலும் பழைய மதர்போர்டுதான் இருக்கும். அவர்களுக்குத்தான் அது அதிகம் சிரமம் கொடுத்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறுவதில்லை.

அட்டைப்பெட்டியின் பெயரை மட்டும் நம்பவும் கூடாது. 3060 என்ற அதே பெயரில் 2022-ல் 8 ஜிபி வடிவம் ஒன்றும் வந்தது. நாலு சிப், 128 பாதை. ஜிடிஎக்ஸ் 1060-ன் 3 ஜிபி வடிவத்தில் மெமரி மட்டும் பாதியாகவில்லை, கணக்கு அலகுகளும் 1,152 ஆகக் குறைந்தன. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

இன்டெலின் ஆர்க் பி580 பற்றியும் கேட்டான். 2024 டிசம்பரில் வந்தது, 12 ஜிபி, 192 பாதை, ஆறு சிப். தாளில் பார்த்தால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். ஆனால் ப்ராசஸர் கார்டின் மெமரியை வழக்கமாக 256 எம்பி அளவுள்ள ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்கும். ஜன்னலை முழுவதும் திறந்துவிடும் வசதிக்கு ரீசைசபிள் பார் என்று பெயர். ஆர்க் கார்டுகளுக்கு அது அவசியம் வேண்டும். இன்டெலே பத்தாம் தலைமுறை ப்ராசஸரிலிருந்துதான் பரிந்துரைக்கிறது. இவனுடையது எட்டாம் தலைமுறை. அருமையான கார்டு, வேறு கம்ப்யூட்டருக்கு.

அடுத்து பவர் சப்ளை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், 12 வோல்ட்டுக்கு நேரே 25 ஆம்பியர். பன்னிரண்டை இருபத்தைந்தால் பெருக்கினால் 300 வாட். கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுவது 12 வோல்ட்டிலிருந்துதான்; மிச்ச வாட் எல்லாம் அவர்களுக்கு எட்டாத பந்தியில் பரிமாறப்படுவது. ஸ்லாட் தருவது 75 வாட், ஆறு பின் கேபிள் இன்னொரு 75, எட்டுப் பின் என்றால் 150. அவன் பெட்டியில் ஆறு பின் ஒன்றுதான் இருந்தது. ஆறை எட்டாக்கும் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நான் ஒருமுறை அதை மாட்டி ஓட்டியிருக்கிறேன். பத்தாம் நாள் பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தது, பிடுங்கிப் பார்த்தால் இரண்டு பின்கள் உருகி ஒட்டியிருந்தன. கம்பியின் தடிமன் மாறவில்லை. அதன் வழியே ஓடச் சொன்ன மின்சாரத்தை மட்டும் கூட்டிவிட்டேன். பவர் சப்ளையையும் மாற்றுவது என்று அன்றே எழுதி வைத்தோம். மேஜைக்கடியில் இருந்த யுபிஎஸ்ஸையும் பார்த்தேன். 600 விஏ என்றால் தாங்குவது பொதுவாக 360 வாட். விளையாடும்போது கரண்ட் போனால் கம்ப்யூட்டரை முறையாக அணைக்கும் வரை தாங்குமா என்பதே சந்தேகம்.

சூடும் ஒரு கணக்குதான். கூலரால் கார்டை அறையின் காற்றைவிடக் குளிராக்க முடியாது, அதைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் பிடித்து வைக்கும். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் 69 காட்டும் கார்டு, மே மாதம் 38 டிகிரி ஓடும் சென்னை மாடி அறையில் 83 காட்டும். அந்த அளவை ஒட்டியதும் பல கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் வெப்ப எண்களை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் வேண்டாம், ஃபில்டரை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்தாலே சூடு கொஞ்சம் இறங்கும்.

ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் பற்றி இந்த விலைக் கார்டில் அதிகம் யோசிக்க வேண்டாம் என்று சொன்னேன். சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இரண்டும் நிஜமாகவே உதவும். கார்டின் ஆயுளை ஓரிரு வருடம் நீட்டும். இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் ஒன்றைத் தானாக வரைந்து செருகும் வசதி வேறு. அடுத்த ஃபிரேம் வரும்வரை காத்திருந்தால்தான் நடுவில் உள்ளதை வரைய முடியும். எண் கூடும், கை அசைவுக்குப் பதில் வருவது விரைவாகாது.

பழைய கார்டு வாங்கலாமா என்று ரிச்சி தெருவில் ஒரு மாலை சுற்றினோம். 2022 செப்டம்பர் 15-ல் எதேரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றி, கார்டுகளால் நாணயம் தோண்டும் தேவையை ஒழித்தது. அதுவரை ராப்பகலாக ஓடிய கார்டுகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே குப்பை அல்ல. ஒரே சூட்டில் ஓடிக்கொண்டிருந்த சிப், சூடாகி ஆறி அவதிப்பட்டதைவிட நன்றாகவே இருக்கலாம். தேய்ந்திருப்பது ஃபேனும், மெமரிமேல் வைத்த வெப்பப் பட்டையும். ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்க்காமல், கண்ணெதிரே அரை மணி நேரம் சுமையில் ஓட விடாமல் பணம் கொடுக்கக் கூடாது. பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதி விற்கும் போலிகளை அந்த மென்பொருள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் பார்த்த ஒரு கார்டில் சீரியல் ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டோம், பதில் வரவில்லை, நகர்ந்துவிட்டோம்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 132 வாட், எட்டுத் தடம். மின்சாரத்தில் சிக்கனம், விளையாட்டுக்கு மட்டும் என்றால் தயங்காமல் கை காட்டியிருப்பேன். ஆனால் அவன் கல்லூரிப் பிராஜெக்டுக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்கிறவன். அதற்கு என்விடியா கார்டுகள் நன்றாக ஒத்துழைக்கும், பெரிய காட்சிகளுக்கு மெமரியும் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, பதினாறு தடமும் உள்ளது. மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டிலும் நொடிக்கு 16 ஜிபி வரும். அதைவிட முக்கியம், 12 ஜிபி நிறைந்து ஸ்லாட் பக்கம் போக வேண்டிய நிலையே இவன் மானிட்டருக்கு அபூர்வம். கடையில் மிச்சமிருந்த ஒன்றை, மூன்று வருட வாரண்டியும் ஜிஎஸ்டி பில்லும் வாங்கிக்கொண்டு எடுத்தோம். கூடவே 550 வாட் பவர் சப்ளை ஒன்று, 12 வோல்ட் வரியைக் கடைக்காரரிடம் காட்டிப் படித்துவிட்டு.

பழைய டிரைவரைத் துடைத்தான். கார்டு ஸ்லாட்டில் 'டக்' என்று பூட்டிக்கொண்ட சத்தம் கேட்ட பிறகுதான் திருகுகளை முடுக்கச் சொன்னேன். பிறகு புதிய டிரைவரை ஏற்றினான். அதே தெரு, அதே மழை. 1080-ல் எண் 70-களில் ஓடியது. டெக்ஸ்சரை உச்சத்துக்கு ஏற்றினான், எண் அசையவில்லை. பிறகு நான் சொல்லாமலே ரெசல்யூஷனை 720-க்கு இறக்கிப் பார்த்தான். ஏழெட்டு ஃபிரேம் ஏறி அங்கேயே நின்றது.

"மாமா, இப்ப இழுக்கிறது ப்ராசஸர்" என்றான்.